தலைமூடி வெட்டிய மழைக்கோட்டு

சிவசண்முகம் பிள்ளை மழைக்கோட்டைக் கழற்றிக் கொடியில் போட்டதும் தாழ்வாரத்துத் தரை முழுவதும் நனைந்துவிட்டது. சட்டைப் பித்தான்களை அவிழ்த்துக்கொண்டே, "பன்னெண்டு மைலும் விடாத மழை. சுத்தமல்லிகிட்ட ரோடே தெரியல," என்றார்.

பிரம்மநாயகி துண்டை எடுத்து நீட்டினாள். நீட்டிய கை அப்படியே நின்றது. காலையில் அவர் மார்பில் இட்டுக்கொண்டு போன திருநீறு மூன்று பட்டையாக, ஓரம்கூடக் கலையாமல் இருந்தது. சட்டையை வாங்கிப் பார்த்தாள். கழுத்துப் பட்டி மட்டும் கொஞ்சம் ஈரம். முதுகு, கை, மடி எல்லாம் காய்ந்து கிடந்தன. தோல் தொப்பிக்கு வெளியே நின்ற குடுமி நுனியில் மட்டும் இரண்டு சொட்டு.

"சட்டை நனையவே இல்லையே," என்றாள்.

"அதுக்குத்தான கோட்டு. கொழும்புச் சரக்கு. ஒரு பொட்டு உள்ள எறங்காது," என்று சொல்லிவிட்டு அவர் கை கால் கழுவப் போனார்.

அது ஐப்பசி மாதத்து வெள்ளிக்கிழமை. மழை தொடங்கிய நாளிலிருந்து செவ்வாயும் வெள்ளியும் இதே கதைதான். அவர் அம்மை குத்தும் இலாகாவில் இன்ஸ்பெக்டர். வாரத்துக்கு இரண்டு நாள் சேரன்மகாதேவிக்கும் அதைச் சுற்றிய ஊர்களுக்கும் போய், அம்மைப்பால் வைத்த பிள்ளைகளின் கையைப் பார்த்துக் கணக்கெழுதி வர வேண்டும். முன்பெல்லாம் மாட்டு வண்டியில் போவார். அந்த வருஷம் சீமைக்குத் திரும்பிப் போன ஒரு துரை தன் மோட்டார் சைக்கிளை ஜில்லா போர்டுக்கு விட்டுப்போனார். அதை ஓட்டப் பழகியிருந்த ஒரே உள்ளூர்க்காரர் சிவசண்முகம்தான். "மழையானாலும் வெயிலானாலும் வேலை நிற்காது" என்று எழுதிக் கொடுத்து வண்டியை வாங்கிக்கொண்டார். ஜில்லாவில் இருந்த மற்ற நாலைந்து மோட்டார் சைக்கிளும் வெள்ளைக்காரர்களிடம் இருந்தன.

வண்ணார்பேட்டையில் அவர் வண்டி கிளப்புவதைப் பார்க்கத் தெருவே வாசலில் நிற்கும். அந்த வண்டியை நின்ற இடத்தில் கிளப்ப முடியாது. இரண்டு கையாலும் பிடித்துப் பத்துப் பதினைந்து அடி தள்ளிக்கொண்டு ஓட வேண்டும். இயந்திரம் படபடவென்று பிடித்துக்கொண்டதும் தாவி ஏற வேண்டும். நிறுத்தினால் இயந்திரமும் நின்றுவிடும். மறுபடி தள்ளி ஓட வேண்டும். முப்பத்தெட்டு வயதில் பிள்ளைவாள் சின்னப்பிள்ளை மாதிரி ஓடித் தாவுகிறார் என்று தெருவில் சிரிப்பார்கள். பிரம்மநாயகிக்கு அதில் உள்ளுக்குள் பெருமை உண்டு.

அந்தப் பெருமைதான் இப்போது முள்ளாகக் குத்தியது. பதினாறு வருஷமாக அவர் துணியைத் துவைக்கிறவள் அவள். வேர்த்தால் எங்கே நனையும், வண்டியில் போனால் எங்கே புழுதி படியும் என்று அவளுக்குத் தெரியும். பன்னிரண்டு மைல் மழையில் வந்த மனிதனின் சட்டை இப்படி இருக்காது. ஏதாவது ஒரு வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டும். அது யார் வீடு?

சனிக்கிழமை அவர் குடை பிடித்துக்கொண்டு நடந்தே ஆபீசுக்குப் போனார். கோட்டு கொடியில் தொங்கியது. பத்து மணிக்கு மழை வலுத்தது. பிரம்மநாயகி அடுப்பைத் தணித்துவிட்டுக் கோட்டை எடுத்தாள். ரப்பர் பூசிய கனத்த துணி, கணுக்கால் வரை நீளம். மூக்கைச் சுளிக்க வைக்கும் வாடை. சேலைக்கு மேலே அதை மாட்டிப் பித்தான் எல்லாவற்றையும் பூட்டினாள். புறவாசலில் துவைக்கிற கல் இருந்தது. அதன்மேல் கால் இரண்டையும் பக்கத்துக்கு ஒன்றாகப் போட்டு உட்கார்ந்தாள். வண்டியின் கைப்பிடியைப் பிடிப்பதுபோல இரண்டு கையையும் முன்னால் நீட்டினாள்.

தோளில் விழுந்த தண்ணீர் உருண்டு ஓடியது. அதுவரை கோட்டு நல்ல கோட்டுதான். கொஞ்ச நேரத்தில் மடியில் ஒரு குளம் கட்டியது. உட்கார்ந்தவர் மடி பள்ளம். வந்த தண்ணீருக்கு அங்கிருந்து போக்கிடம் இல்லை. பித்தான் சந்து வழியாக அது பைய உள்ளே இறங்கியது. நீட்டிய கை வழியாக இன்னொரு வாய்க்கால் முழங்கை வரை ஓடியது. கழுத்துக்குள் நூல் பிடித்தாற்போலத் தண்ணீர் இறங்கி முதுகைத் தொட்டது. எல்லாவற்றுக்கும் மேலே உள்ளே புழுங்கியது. ரப்பருக்குள் காற்றே இல்லை. கூடத்துக் கடிகாரம் பத்தரை அடித்தபோது மழையில் பாதி, வேர்வையில் பாதியாக அவள் ரவிக்கை ஒட்டிக்கொண்டது.

"யக்கா, என்ன செய்யுதீங்க?"

மதில் மேலே பக்கத்து வீட்டுச் சாரம்மாளின் தலை தெரிந்தது. அவள் பாளையங்கோட்டையில் மிஷன் பள்ளிக்கூடத்து வாத்திச்சி. கிறிஸ்தவள், கணவனை இழந்தவள். ஆள் அதிகம் பேச மாட்டாள். பேசினால் நேராகப் பேசுவாள்.

பிரம்மநாயகி எழுந்திருக்கவில்லை. "இந்தக் கோட்டு எவ்வளவு தாங்குதுன்னு பாக்குதேன்."

"தாங்குதா?"

"அரை மணி தாங்கல. கல்லு மேல உக்காந்தே இப்படின்னா, மோட்டார்ல காத்தோட எதிர்த்துப் போனா எப்படி இருக்கும்?"

சாரம்மாள் யோசித்துவிட்டு, "அண்ணாச்சி நனையாம வாராவளோ?" என்றாள்.

பிரம்மநாயகி மடியில் நின்ற தண்ணீரைக் கையால் வழித்து எறிந்தாள்.

அன்று மதியம் மழை வெறித்தபோது இருவரும் கொழும்புச் சாமான் கடைக்குப் போனார்கள். சாரம்மாளுக்குப் பூவேலை நூல் வாங்க வேண்டும் என்று பெயர். கடைக்காரர் அசன் மைதீன் காயல்பட்டினத்துக்காரர். கொழும்பில் பத்து வருஷம் இருந்துவிட்டு இங்கே கடை போட்டிருந்தார். நூலை எடுத்துப் போட்ட பிறகு பிரம்மநாயகி, "நீங்க குடுத்த மழைக்கோட்டு ஒழுகுது," என்றாள்.

அவர் முகம் மாறியது. "எங்கன ஒழுகுது?"

"மடியில. கையில. கழுத்துல."

"அம்மா, உள்ளதச் சொல்லுதேன், கோவப்படாதீங்க. அது நடக்குதவங்களுக்குத் தச்ச கோட்டு. மோட்டார்ல போனா மழை மேலேர்ந்து மட்டுமா வருது? எதுத்தாப்லயும் வருது, சக்கரத்துலேர்ந்தும் வருது. முழுசா காக்காதுன்னு பிள்ளைவாள்ட்ட மொதல்லயே சொல்லித்தான் குடுத்தேன். பெறவு, கழுத்துல ஒழுகாம என்ன செய்யும்? தலைமூடிய வெட்டச் சொன்னது அவியதான."

"என்ன தலைமூடி?"

"கோட்டோட சேத்துத் தச்ச தலைமூடி. கழுத்த மறைச்சு நெத்தி வரைக்கும் வரும். புரட்டாசி கடைசியில வந்து, இத வெட்டி எடுத்துருங்கன்னாவ. மழை இனிமத்தான வரப்போவுது, இப்பப் போய் எதுக்கு வெட்டணும்னு கேட்டேன். ஒண்ணும் சொல்லல. கத்திரிய எடுத்து அவியளே வெட்டிட்டாவ. துண்டு இங்கதான் எங்கயோ கிடக்கு."

பிரம்மநாயகிக்கு அந்தக் கோட்டில் தலைமூடி இருந்ததே நினைவில் இல்லை. வாங்கிய புதிதில் வெயில் காலம். பெட்டியில் மடித்தே கிடந்தது. தலைமூடியும் இல்லாத கோட்டைப் போட்டுக்கொண்டு, பன்னிரண்டு மைல் மழையில் நனையாமல் வருகிறார். வழியில் சாரம்மாளிடம், "நான் சேரன்மகாதேவி கோயிலுக்கு ஒரு நேர்ச்சை வச்சிருக்கேன். செவ்வாய்க்கிழமை வாரியா?" என்று கேட்டாள்.

"நேர்ச்சைக்கு என்னத்துக்குக்கா வேதக்காரி?" என்றாள் சாரம்மாள். பிறகு, "வாரேன்," என்றாள்.

செவ்வாய்க்கிழமை விடியும்போதே மழை. சாரம்மாளின் பள்ளிக்கூடத்துக்கு மழை விடுமுறை விட்டிருந்தார்கள். சிவசண்முகம் கோட்டை மாட்டி, தொப்பியை இறுக்கி, கண்ணாடியை ஏற்றி, மருந்துப் பெட்டியைக் கட்டி, வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடித் தாவி ஏறிப் போனார். சத்தம் ஆற்றுப் பாலத்தைத் தாண்டும்வரை பிரம்மநாயகி வாசலில் நின்றாள். பிறகு இரண்டு பேரும் ஒற்றைமாட்டு வண்டியில் ரயிலடிக்குப் போனார்கள்.

பெண்கள் பெட்டியில் ஏறப்போகும்போது சாரம்மாள் அவள் கையைப் பிடித்தாள். வண்டியின் கடைசிப் பெட்டியில் இரண்டு கூலிக்காரர்கள் ஒரு மோட்டார் சைக்கிளைத் தூக்கி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில், மழைக்கோட்டைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு, கூரைக்கடியில் சொட்டு நனையாமல் சிவசண்முகம் நின்றார். அங்கும் இங்கும் பார்த்துவிட்டு அடுத்த பெட்டியில் ஏறிக்கொண்டார்.

பிரம்மநாயகி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். சட்டை நனையாத காரணம் தெரிந்துவிட்டது. ஆனால் ரயிலில் போவதற்கு எவனாவது பொய் சொல்லுவானா?

"மழைக்குப் பயந்துட்டு ரயில்ல போறாவ போலிருக்கு," என்றாள் சாரம்மாள்.

"அப்படின்னா எங்கிட்ட சொல்லியிருப்பாவளே. நான் வேண்டாம்னா சொல்லப்போறேன்?"

பேட்டை நிலையத்தில் வண்டி நின்றபோது பிரம்மநாயகி எட்டிப் பார்த்தாள். அடுத்த பெட்டியின் எல்லா ஜன்னலும் திறந்திருந்தன. அவர் ஏறிய இடத்து ஜன்னல் மட்டும் பலகை இறக்கியிருந்தது. வண்டி பேட்டையை விட்ட பிறகுதான் அந்தப் பலகை மேலேறியது.

சேரன்மகாதேவியில் மழை விட்டிருந்தது. வயல்களில் தண்ணீர் தளும்பி நின்றது. அவர் வண்டியை இறக்கிக்கொண்டு நிலையத்துக்குப் பின்னால் தள்ளிப் போனார். பெண்கள் இருவரும் ஒரு வேப்பமரத்தடியில் நின்று பார்த்தார்கள். கிணற்றடியில் வண்டியை நிறுத்தினார். ஒரு வாளி தண்ணீர் இறைத்தார். மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு, வாளியைத் தூக்கித் தன் தோள்மேலே கவிழ்த்தார். இன்னொரு வாளி இறைத்து முன்புறத்தில் ஊற்றினார். பிறகு குனிந்து, இரண்டு கையாலும் சேற்றை அள்ளிச் சக்கரத்திலும் கோட்டின் ஓரத்திலும் பூசினார். நிதானமாகப் பூசினார். பல தடவை செய்து பழகிய வேலை மாதிரி இருந்தது.

பிரம்மநாயகி நேராக நடந்து போய் அவர் முன்னால் நின்றாள்.

அவர் நிமிர்ந்தார். கையிலிருந்த சேறு கீழே விழுந்தது. சாரம்மாள் மரத்தடியைவிட்டு வரவில்லை.

"எதுக்கு இது?" என்றாள் பிரம்மநாயகி.

"சாவடியில கர்ணம், மணியம் எல்லாம் இருப்பாங்க. வழியெல்லாம் மழை, நீங்க எப்படி நனையாம வந்தீங்கன்னு கேப்பாங்க."

"ரயில்ல வந்தேன்னு சொல்லுங்களேன்."

"ஏன் ரயில்ல வந்தீங்கன்னு கேப்பாங்க."

"நானும் அதத்தான் கேக்குதேன்."

அவர் கிணற்றுச் சுவரில் உட்கார்ந்தார். கோட்டிலிருந்து தண்ணீர் வழிந்தது. சேற்றுக் கையைப் பார்த்துக்கொண்டே சொல்லத் தொடங்கினார்.

புரட்டாசி கடைசி வெள்ளிக்கிழமை, அந்த வருஷத்தின் முதல் பெருமழை. சேரன்மகாதேவியிலிருந்து திரும்பி வருகிறார். கண்ணாடியில் தண்ணீர். தலைமூடி நெற்றிக்கு இறங்கி இரண்டு பக்கமும் மறைத்துவிட்டது. குதிரைக்குக் கண்பட்டை கட்டினதுபோல நேராகத்தான் பார்க்கலாம். ரப்பர்மேலே மழை அடிக்கிற சத்தத்தில் வேறு எதுவும் காதில் விழாது. பேட்டைக்கு இந்தப் பக்கம் ஒரு திருப்பத்தில் ஒருத்தி தலையில் கோரைப்பாய்க் கட்டோடு சாலையைக் கடந்தாள். பார்த்தபோது இரண்டு கஜம்கூட இல்லை. சக்கரத்தை இழுக்கிற தோல் வார் நனைந்து வழுக்கியது, தடையும் பிடிக்கவில்லை. கைப்பிடியின் முனை அவளை இடித்தது.

"விழுந்தாளா?"

"விழுந்த மாதிரி இருந்துது. எனக்குத் தலைமூடி மறைச்சிட்டு. என்ன ஏதுன்னு தெரியுததுக்குள்ள வண்டி வெகு தூரம் போயிட்டுது."

"நிக்கலையா?"

"நிக்க முடியல நாயகி. வார் வழுக்குது, நின்னா அந்த மழையில மறுபடி கிளம்பாது. பெரிசா ஒண்ணும் இருக்காதுன்னு நெனச்சேன். மறுநாளு ஆபீசுல பேசிக்கிட்டாங்க, பேட்டையில ஒரு வெள்ளைக்காரன் ஒருத்திய இடிச்சுக் கால ஒடிச்சிட்டுப் போயிட்டான்னு."

"வெள்ளைக்காரனா?"

"கோட்டு, தலைமூடி, கண்ணாடி. மொகம் தெரியல. மோட்டார்ல போறவன் வேற யாரா இருப்பான்னு அவங்களே சொல்லிக்கிட்டாங்க. போலீசுக்குக்கூடப் போவல. நானும் இருந்துட்டேன்."

அடையாளம் தெரியாமலிருக்கத் தலைமூடியை வெட்டினார். அதன் பிறகும் பேட்டை வழியாக ஓட்ட அவருக்குத் தைரியம் வரவில்லை. ரயிலில் ஏறினார். ரயிலில் போகிறேன் என்று சொன்னால் எந்த நாளிலிருந்து, எதற்காக என்று கேள்வி வரும். அதனால் சேறு பூசினார்.

வேறொரு பெண் இருப்பாள் என்று நாலு நாளாக மனத்துக்குள் புகைந்தவள் பிரம்மநாயகி. இருக்கத்தான் செய்தாள், கால் ஒடிந்து.

"போயி வேலையப் பாருங்க. சாயங்கால வண்டியில பேட்டையில எறங்கணும்."

"நாயகி, வேலை போயிரும்."

"மோட்டாரையும் எறக்கணும்," என்று சொல்லிவிட்டு அவள் திரும்பி நடந்தாள்.

சொன்ன பொய் மெய்யாகட்டும் என்று கோயிலுக்குப் போனாள். சாரம்மாள் வெளியே ஆற்றங்கரையில் உட்கார்ந்திருந்தாள். சந்நிதியில் பிரம்மநாயகிக்கு எதைக் கேட்பது என்று தெரியவில்லை. அந்தப் பெண் பிழைத்திருக்கிறாளா என்றுகூட அவர் விசாரிக்கவில்லையே என்று மட்டும் தோன்றிக்கொண்டே இருந்தது.

சாயங்காலம் பேட்டையில் இறங்கியபோது தூறல் விழுந்தது. சிவசண்முகம் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். கோட்டைப் போடவில்லை, கைப்பிடியில் தொங்க விட்டிருந்தார். பிரம்மநாயகி முன்னால் நடந்து, பாய்க் கட்டோடு விழுந்த பெண்ணின் வீடு எது என்று விசாரித்தாள். தறிச்சத்தம் கேட்கும் ஒரு சந்தைக் காட்டினார்கள். சந்துக்குள் மோட்டார் சைக்கிள் நுழைந்ததும் தறிச்சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. கதவோரத்தில் நின்ற ஒரு பெண் கோட்டைக் கையால் சுட்டி, "இதான், இதே கோட்டுதான்," என்று உள்ளே பார்த்துச் சொன்னாள்.

இடிபட்ட ஜனாபாவுக்கு நாற்பது வயதிருக்கும். விதவை. தம்பி தாவூது வீட்டில் இருந்தாள், அவன் நெசவாளி. அவள் சுவரோரம் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். முழங்காலுக்குக் கீழே மூங்கில் பத்தை வைத்துக் கட்டியிருந்தது. கட்டுக்கு வெளியே தெரிந்த பாதம் ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது.

சிவசண்முகம் வாசற்படிக்கு வெளியே நின்று, "நான்தான் இடிச்சேன்," என்றார்.

தாவூது எழுந்து வந்து அவர் சட்டையைப் பிடித்தான். பின்னால் பத்துப் பேர் கூடிவிட்டார்கள். ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். ஒருவன் வண்டியை உதைத்துத் தள்ளினான். அது சாக்கடையோரம் சாய்ந்தது.

"ஏலே தாவூது, கைய எடுலே," என்றாள் ஜனாபா. குரல் ஓங்கவில்லை. "வெள்ளைக்காரன்னு நெனச்சிக்கிட்டு ஒரு மாசமா ஒருத்தனும் வாயத் தொறக்கல. நம்ம ஊரு ஆளுன்னு தெரிஞ்சதும் எல்லாருக்கும் கோவம் வந்துட்டு. போங்கலே அங்கிட்டு."

தாவூது கையை எடுத்தான். கூட்டம் கொஞ்சம் பின்வாங்கியது. பிரம்மநாயகி உள்ளே போய் ஜனாபாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"நீங்க யாரும்மா?"

"அவிய வீட்டுக்காரி."

ஜனாபா அவளைப் பார்த்தாள். பிறகு வாசலில் நின்றவரைப் பார்த்தாள். "ஒண்ணே ஒண்ணு கேக்கணும். நான் சேத்துல கிடந்தேன். ஏந்திரிக்கப் பாத்தேன், முடியல. கொஞ்ச தூரத்துல வண்டிச் சத்தம் நின்னுச்சு. வாராங்க, தூக்குவாங்கன்னு நெனச்சேன். பெறவு மறுபடி சத்தம் கேட்டுது, போயிட்டுது. இவனுங்ககிட்ட சொன்னா, வலியில ஒனக்கு அப்படித் தோணியிருக்குங்கான். எனக்கும் சந்தேகமாத்தான் இருக்கு. நீங்களே சொல்லுங்க. நின்னீங்களா?"

சிவசண்முகம் மனைவியைப் பார்த்தார். பிரம்மநாயகியும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நின்னேன்," என்றார்.

"திரும்பிப் பாத்தீங்களா?"

"தலைமூடியத் தள்ளிட்டுப் பாத்தேன்."

"நான் கையக் காட்டினேனே."

"பாத்தேன்."

ஜனாபா தலையை அசைத்தாள். "அப்போ எனக்குத் தோணினது சரிதான்," என்றாள். அதற்குமேல் அவரிடம் அவள் ஒன்றும் கேட்கவில்லை.

பிரம்மநாயகிக்கு அந்த வண்டி கிளம்புகிற விதம் தெரியும். நின்ற வண்டி தானாகப் போகாது. அவர் இறங்கியிருக்க வேண்டும். சேற்றில் கிடந்தவளைப் பார்த்திருக்க வேண்டும். பிறகு வண்டியைப் பிடித்துக்கொண்டு பதினைந்து அடி ஓடி, தாவி ஏறியிருக்க வேண்டும். நனைந்த வார் வழுக்கியிருக்கும். இரண்டு தடவை, மூன்று தடவை ஓடியிருப்பார். காலையில் கிணற்றடியில் உட்கார்ந்து அத்தனையும் சொன்ன மனிதர் இதைச் சொல்லவில்லை.

சாக்கடையிலிருந்து வண்டியை நிமிர்த்தி அவர் பேட்டை போலீஸ் ஸ்டேஷனுக்குத் தள்ளிப் போனார். தாவூதும் கூடப் போனான். பெண்கள் ஒரு மாட்டுவண்டி பிடித்து வண்ணார்பேட்டைக்கு வந்தார்கள். இரவுச் சாப்பாட்டு நேரத்துக்கு அவர் நடந்தே வந்து சேர்ந்தார். சோற்றைப் போட்டுவிட்டு அவள் கேட்டாள்.

"அவ கேக்கலேன்னா எங்கிட்டச் சொல்லியிருப்பீங்களா?"

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு, "தெரியல," என்றார். அன்று அவர் சொன்னதில் அந்த ஒன்றை மட்டும் அவள் யோசிக்காமல் நம்பினாள்.

மாஜிஸ்திரேட்டு அபராதம் விதித்தார். போர்டு வண்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டது. வேலை போகவில்லை, சம்பள உயர்வை மட்டும் நிறுத்தினார்கள். வழக்குச் சாமானாகப் போலீஸ் ஸ்டேஷன் பெட்டியில் மடித்து வைத்த கோட்டைக் கோடை கழிந்து கொடுத்தார்கள். வெக்கையில் ரப்பர் உருகி மடிப்போடு மடிப்பு ஒட்டிப்போயிருந்தது. பிரிக்கப் பார்த்ததில் கிழிந்தது. அசன் மைதீனிடம் காட்டினபோது, "கொழும்புல இப்படி ஆனதில்ல. இது நம்ம ஊரு வெயிலு," என்றார். அதைக் குப்பையில் போட்டார்கள்.

பிரம்மநாயகி பதினைந்து நாளைக்கு ஒரு தடவை பேட்டைக்குப் போனாள். சாரம்மாள் பேசி வைத்து, ஜனாபாவைப் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். எலும்பு கோணலாகக் கூடிவிட்டது, மறுபடி ஒடித்துத்தான் நேராக வைக்க வேண்டும் என்றார் டாக்டர். ஒரு தடவை ஒடிந்தது போதும் என்று ஜனாபா எழுந்துவிட்டாள். கம்பு ஊன்றி நடக்கப் பழகினாள். பாய்க் கட்டைச் சுமக்க முடியாததால் வீட்டிலிருந்தே விற்றாள். வண்ணார்பேட்டைத் தெருவில் பாதி வீட்டுக்குப் பிரம்மநாயகி அவளிடம் பாய் வாங்கிக் கொடுத்தாள். இரண்டு பேரும் அதிகம் பேசிக்கொள்ள மாட்டார்கள். வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

வீட்டில் எல்லாம் பழையபடிதான் நடந்தது. அவர் ரயிலில் போனார், மாட்டு வண்டியில் போனார், நேரத்துக்கு வந்தார். என்ன சொன்னாலும் உடனே "சரி" என்கிற பழக்கம் மட்டும் அவளிடம் போய்விட்டது. "வண்டி தாமதம்," என்பார். அவள் அவர் முகத்தைக் கொஞ்சம் பார்ப்பாள். பிறகு இலை போடுவாள். அந்தக் கொஞ்ச நேரம் அவருக்குத் தெரியும். அதைப் பற்றி அவர் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

வைகாசியில் தாவூது மகளுக்கு நிக்காஹ். பிரம்மநாயகி புதுச்சேலை உடுத்தி, ஒரு தட்டில் தேங்காய், பழம், கற்கண்டு எடுத்து வைத்தாள். சாரம்மாள் வாசலில் வந்து நின்றாள். சிவசண்முகம் சட்டையை மாட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்து, "நானும் வரட்டுமா?" என்றார்.

"ஜனாபா கூப்பிட்டாளா?"

அவர் மாட்டிய சட்டையைக் கழற்றினார். பிரம்மநாயகி தட்டை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.